தாந்தேயின் முதல் பதிப்பாசிரியர்

ஜொவான்னி பொக்காச்சோ என்றதும் நினைவுக்கு வருவது ‘டெக்கமரான்’. 1348-ன் கொள்ளைநோய்க்குத் தப்பி ஃபுளோரன்ஸுக்கு வெளியே ஒதுங்கிய பத்து இளையோர் பத்து நாளில் சொல்லும் நூறு கதைகள் அவை. அதை முடித்தபோது அவருக்கு ஏறத்தாழ நாற்பது வயது. பிறகும் இருபதாண்டுக்கு மேல் வாழ்ந்தார். அந்த ஆண்டுகளில் லத்தீனில் பெரிய தொகைநூல்கள் செய்தார், தூது போனார், கையில் காசில்லாமல் தவித்தார். இவற்றுக்கு நடுவே ஒரு வேலையை மட்டும் விடாமல் செய்துவந்தார். தாந்தேயின் கவிதையைத் தன் கையாலேயே படியெடுப்பதுதான் அது. ‘டிவைன் காமெடி’ என்று நாம் அறிந்த நூலை தாந்தே ‘கொமேதியா’ என்று மட்டுமே அழைத்தார். நூறு காண்டங்களும் 14,233 அடிகளும் கொண்டது. அதைப் பொக்காச்சோ முழுமையாக மூன்று முறை எழுதினார். முதல் பிரதி ஸ்பெயினில் தொலேதோ பேராலய நூலகத்திலும், இரண்டாவது ஃபுளோரன்ஸின் ரிக்கார்தியானா நூலகத்திலும், மூன்றாவது வத்திக்கானிலும் இன்றும் இருக்கின்றன. கூலிக்கு எழுதிக்கொடுக்கும் எழுத்தர்கள் ஊரெங்கும் கிடைத்த காலம் அது. பேர்பெற்ற எழுத்தாளர் ஒருவர் நாற்பத்திரண்டாயிரம் அடிகளுக்கு மேல் தானே உட்கார்ந்து எழுதினார் என்றால், அதற்கு ஆசை மட்டும் காரணமாக இருக்க முடியாது. திட்டம் ஒன்று இருந்திருக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் பாட ஆய்வு இந்த உழைப்புக்குக் கொடுத்த மதிப்பெண் குறைவு. தாந்தே எழுதிய ஏடு எதுவும் மிஞ்சவில்லை. அவருடைய கையொப்பம்கூடக் கிடைக்கவில்லை. எண்ணூறுக்கு மேற்பட்ட பிற்காலப் பிரதிகளை ஒப்பிட்டுத்தான் மூலத்தை நெருங்க வேண்டியிருக்கிறது. தாந்தே பிறந்த எழுநூறாம் ஆண்டையொட்டி ஜார்ஜோ பெத்ரோக்கி 1966-67-ல் நான்கு தொகுதிகளாகக் கொண்டுவந்த பதிப்பு, 1355 வாக்கில் ஒரு கோடு கிழித்தது. அதற்கு முந்தைய இருபத்தேழு பிரதிகளே போதும், பிந்தியவை வேண்டாம் என்றது. அந்தக் கோட்டுக்குக் காரணம் பொக்காச்சோ. அவர் ஒரே மூலப் பிரதியைப் பார்த்து எழுதியவர் அல்லர். பல பிரதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தனக்குப் பொருந்தியதாகப்பட்ட பாடத்தை அங்கங்கே எடுத்துக் கோத்தார். அவருடைய பெயருக்கிருந்த மதிப்பால் அந்தக் கலப்புப் பாடம் பரவி, பின்னால் வந்த பிரதிகளின் வம்சாவளியைக் குழப்பிவிட்டது. குற்றச்சாட்டு சரிதான், அதை மறுக்க வழியில்லை. ஆனால் அவரைப் பாடத்தைக் கெடுத்தவர் என்று மட்டும் எழுதி முடித்தால், அவர் எதைச் செய்ய முயன்றார் என்பது கண்ணில் படாமல் போகிறது. காவியத்தை லத்தீனில் எழுதாத ஒரு கவிஞரை வெர்ஜிலுக்குச் சமமான இருக்கையில் உட்காரவைக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். அவருடைய பெரிய தவறுகளும் பெரிய கொடைகளும் அந்த ஒரே எண்ணத்திலிருந்து கிளைத்தவை என்றே படுகிறது.

அந்த எண்ணம் அன்று எவ்வளவு துணிச்சலானது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பதினான்காம் நூற்றாண்டு இத்தாலியில் பள்ளியில் பாடமாகப் படிக்கத்தக்க ஆசிரியர் என்றால் லத்தீன் ஆசிரியர்தான். அவருடைய நூலுக்கென்று வழக்கமான ஓர் அமைப்பு இருந்தது: தொடக்கத்தில் கவிஞரின் வாழ்க்கை வரலாறு, நடுவில் மூலம், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொருட்சுருக்கம், ஓரங்களில் உரைக்குறிப்பு. மக்கள் மொழிப் பாட்டுக்கு இந்த மரியாதை கிடையாது. அது பலரின் பாட்டுகளைச் சேர்த்த தொகை ஏடுகளில் இடம்பெறும். பாடகர் வாயில் திரியும். தாந்தே உயிரோடிருந்தபோதே, 1319 வாக்கில், பொலோஞ்ஞாவின் லத்தீன் ஆசிரியர் ஜொவான்னி தெல் விர்ஜிலியோ அவருக்கு ஒரு லத்தீன் செய்யுள் மடல் அனுப்பினார். இவ்வளவு உயர்ந்த பொருளைச் சந்தைப் பேச்சில் எழுதி வீணாக்குகிறீர்களே என்பது அதன் சாரம். தாந்தே லத்தீனிலேயே பதில் பாடினார், தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. இந்த மடல் போக்குவரத்தைத் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்துக் காத்தவர்களில் பொக்காச்சோ முக்கியமானவர். எதிர்த்தரப்பின் வாதம் அவருக்கு வரிவரியாகத் தெரியும். 1350-களின் தொடக்கத்தில் அவர் எழுதிய தொலேதோ பிரதியைத் திறந்தால் அதற்கான மறுமொழி நூலின் அமைப்பிலேயே தெரிகிறது. முதலில் அவரே எழுதிய தாந்தே வாழ்க்கை வரலாறு. அடுத்து இளமைக் காதலைச் சொல்லும் ‘வீத்தா நுவோவா’. பிறகு கொமேதியா, அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் தாந்தேயின் மூவடி யாப்பிலேயே பொக்காச்சோ பாடிய பொருட்சுருக்கம். முடிவில் பதினைந்து நெடும்பாடல்கள். வெர்ஜிலுக்குப் பள்ளி செய்த மரியாதை அப்படியே மக்கள் மொழிக் கவிஞர் ஒருவருக்குக் கிடைத்திருக்கிறது.

உரை எழுதுவதில் பொக்காச்சோ முதல்வர் அல்லரே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். தாந்தே 1321-ல் ரவென்னாவில் இறந்த மறு ஆண்டிலேயே மகன் யாக்கோப்போ கொமேதியாவின் முதல் பாகமான ‘நரக’த்துக்குக் குறிப்பு எழுதினார். 1324-ல் பொலோஞ்ஞாவின் கிராட்சியோலோ பம்பலியோலி லத்தீனில் உரை செய்தார். இன்னொரு மகன் பியெத்ரோ விரிவான லத்தீன் உரையை மீண்டும் மீண்டும் திருத்தி எழுதினார். ஆனால் இவர்கள் எல்லோரும் உரை சொன்னது ஒரு நூலுக்கு. பொக்காச்சோ கையில் எடுத்தது ஓர் ஆசிரியரை. இளமைக் கவிதை, முதிர்ந்த காவியம், வாழ்க்கை எல்லாவற்றையும் ஒரே அட்டைக்குள் வைத்து, இது ஒரு மனிதரின் முழுப் படைப்பு என்று காட்டியவர் அவருக்கு முன் இல்லை. 1360-களில் எழுதிய வத்திக்கான் பிரதியில் இன்னும் ஒரு படி மேலே போனார். அதில் தாந்தேயோடு, அவருடைய நண்பர் குயிதோ கவால்காந்தியின் புகழ்பெற்ற காதல் பாடலை லத்தீன் உரையோடு சேர்த்தார். அப்போது உயிரோடிருந்த கவிஞர் பெத்ரார்க்காவின் இத்தாலியப் பாடல்களையும் சேர்த்தார். மக்கள் மொழிக்கு ஒரு கவி மரபு உண்டு, அது இன்னாரிலிருந்து இன்னாருக்கு வருகிறது என்று அந்த ஏடு வரிசைப்படுத்திக் காட்டுகிறது. இத்தாலிய இலக்கிய வரலாற்றின் முதல் பொருளடக்கம் என்று அதைச் சொன்னால் மிகையாகாது.

இனி தவறுகளுக்கு வருவோம். ‘வீத்தா நுவோவா’வில் தாந்தே ஒவ்வொரு கவிதையையும் பாடிய சூழலைச் சொல்லி, கவிதையைத் தந்து, அது எத்தனை பகுதியாகப் பிரிகிறது என்று உரைநடையில் விளக்குவார். பொக்காச்சோ இந்தப் பகுதி விளக்கங்களை மூலத்திலிருந்து பிடுங்கி ஏட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். படிப்பவர்கள் வியப்பார்கள் என்று அவருக்கே தெரிந்திருந்ததால் ஒரு குறிப்பும் எழுதினார். இவை உரையின் தன்மை கொண்டவை, மூலத்தின் தன்மை கொண்டவை அல்ல. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். தாந்தேயே பிற்காலத்தில் இந்த அமைப்புக்காக வருந்தியதாக நம்பத்தக்கவர்கள் சொல்லக் கேட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டார். பதிப்பு நெறிப்படி இது அத்துமீறல். கவிஞரே எழுதிய உரைநடையைக் கவிஞரின் நூலிலிருந்து வெளியேற்ற எவருக்கும் உரிமை இல்லை. அவர் வழியில் வந்த பிரதிகளைத் தனியாகப் பிரித்து, நூலின் பழைய அமைப்பை ஆதாரத்தோடு நிலைநாட்ட 1907-ல் மிக்கேலே பார்பியின் பதிப்பு வர வேண்டியிருந்தது. ஆனால் பொக்காச்சோ எதையும் அழிக்கவில்லை, இடம் மாற்றினார்; மாற்றியதை ஒப்புக்கொண்டார்; காரணமும் கொடுத்தார். வெர்ஜிலின் ஏட்டில் மூலம் நடுவிலும் உரை ஓரத்திலும் இருக்கும், தாந்தேக்கும் அப்படியே இருக்கட்டும் என்ற பிடிவாதம்தான் அவரை இதைச் செய்யவைத்தது. தான் செய்த மாற்றத்தைப் படிப்பவர்க்கு அறிவிக்கும் படியெடுப்பாளர் அந்த நூற்றாண்டில் அபூர்வம். காதும் காதும் வைத்தாற்போல் திருத்திவிட்டுப் போனவர்களே அதிகம்.

கொமேதியாவின் பாடக் கலப்புக்கும் வேர் அதுவே. பொக்காச்சோவின் நண்பர் பெத்ரார்க்கா, ரோம வரலாற்றாசிரியர் லிவியின் சிதறிய பகுதிகளைத் திரட்டி, பிரதிகளை ஒப்பிட்டு, பிழை திருத்தி ஒரே நூலாக்கினார். அந்த ஏடு இன்று லண்டனில் இருக்கிறது. மறுமலர்ச்சிக் காலப் புலமையின் தொடக்கம் என்று புகழப்படுகிறது. பெத்ரார்க்கா லிவிக்குச் செய்ததைத்தான் பொக்காச்சோ தாந்தேக்குச் செய்தார். ஒரே செயலுக்கு ஓரிடத்தில் செம்மையாக்கம் என்றும் இன்னோரிடத்தில் மாசு என்றும் பெயர் வைப்பது சரியா? ஓரளவுக்குச் சரி என்றே சொல்ல வேண்டும். லிவிக்கும் பெத்ரார்க்காவுக்கும் இடையே பதின்மூன்று நூற்றாண்டு இடைவெளி. நடுவில் சிதைந்துபோனதை ஊகித்துச் சரிசெய்வதைத் தவிர வேறு வழியில்லை. தாந்தே இறந்து முப்பது ஆண்டுதான் ஆகியிருந்தது. நல்ல பழைய பிரதி ஒன்றை அப்படியே பெயர்த்து எழுதியிருந்தாலே பின்வந்தோர்க்கு அது பொக்கிஷமாக இருந்திருக்கும். பண்டைய நூலுக்கேற்ற முறையை அண்மைக்கால நூலுக்குப் போட்டதுதான் பிழை. அப்படிப் போட அவரைத் தூண்டியது தாந்தேயைப் பண்டையோரில் ஒருவராகவே பார்த்த அவருடைய கண்.

வாழ்க்கை வரலாற்றின் மீதான புகார் இன்னும் பழையது. 1436-ல் ஃபுளோரன்ஸின் அரசச் செயலர் லியோனார்தோ புரூனி தானும் ஒரு தாந்தே வரலாறு எழுதினார். பொக்காச்சோவின் நூல் காதலும் கண்ணீருமாக, அவருடைய சொந்தக் காதல் கதைகளைப் போலவே இருக்கிறது என்று குறைகூறித் தொடங்கினார். புகாரில் நியாயம் உண்டு. தாந்தேயின் தாய் கண்ட மயில் கனவு, அறிஞர்கள் மணம் செய்யக் கூடாது என்று பக்கம் பக்கமாக நீளும் வசை ஆகியவற்றைப் படிக்கும்போது புரூனி சொல்வது சரி என்றே தோன்றும். தாந்தேயின் மனைவி ஜெம்மாவைப் பற்றி எதுவும் உறுதியாகத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே அவர் மீது பழி விழும்படி எழுதியது நேர்மையற்ற செயலும்கூட. ஆனால் கதாசிரியர் எழுதினார் என்பதாலேயே எல்லாவற்றையும் கதை என்று தள்ளியவர்களை ஆவணங்கள் திரும்பத் திரும்பத் தடுத்து நிறுத்தியிருக்கின்றன. போப்பின் தூதரான கர்தினால் ஒருவர் தாந்தேயின் அரசியல் நூலான ‘மொனார்க்கியா’வை எரிக்கச் சொன்னார், எலும்புகளையும் எரிக்க விரும்பினார் என்று பொக்காச்சோ எழுதியிருக்கிறார். அந்த நூலுக்காக தாந்தே இறந்த பிறகு மதத் துரோகி என்று தீர்ப்புப் பெறும் நிலைக்குப் போனதை அதே நூற்றாண்டின் சட்ட வல்லுநர் பார்தொலோ தனியே குறிப்பிடுகிறார். தாந்தே பாடிய பியாத்ரிச்சே, ஃபோல்கோ போர்த்தினாரியின் மகள், சிமோனே தே பார்தியின் மனைவி என்று பொக்காச்சோ சொன்னதைக் கற்பனை என்று ஒதுக்கியவர்கள் பலர். ஃபோல்கோவின் 1288-ம் ஆண்டு உயிலில் சிமோனே தே பார்தியின் மனைவியான மகள் பீச்சே என்றே பெயர் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நெருங்கிய உறவினர் ஒருவரிடம் கேட்டதாக அவர் சொன்னதையும் அலட்சியம் செய்ய முடியாது. அவருடைய மாற்றாந்தாய் வழியில் போர்த்தினாரி குடும்பத்தோடு உறவு உண்டு. தந்தையோ பார்தி வணிக நிறுவனத்தின் ஆள்.

அவர் தகவல் திரட்டிய முறையே தனியாகக் கவனிக்க வேண்டியது. அவர் பிறந்தது 1313-ல். தாந்தே இறந்தபோது எட்டு வயதுப் பையன். நேரில் பார்த்ததில்லை. ஆகவே பார்த்தவர்களைத் தேடிப்போனார். 1350-ல் ஃபுளோரன்ஸின் ஓர்சான்மிக்கேலே அறச்சபை, ரவென்னாவில் துறவியாக இருந்த தாந்தேயின் மகளிடம் கொடுக்கச் சொல்லி அவரிடம் பத்துப் பொற்காசு தந்தனுப்பியது. தந்தையை நாடு கடத்தி, எரித்துக் கொல்லத் தீர்ப்பெழுதிய ஊரிலிருந்து மகளுக்குப் போன பத்து ஃபுளோரின். பரிகாரம் என்று சொல்லக் கூசும் தொகைதான். ரவென்னாவில் பியெரோ ஜார்தினி என்ற பழைய நண்பர் தாந்தேயின் கடைசி நாட்களைச் சொன்னார். நோய்ப்படுக்கையில் தாந்தே தன் வயதைச் சொன்னதாகவும், போன மே மாதத்தோடு ஐம்பத்தாறு முடிந்தது என்றதாகவும் ஜார்தினி வழியாக வந்த செய்தி இது. தாந்தே 1265-ல் பிறந்தார் என்று இன்று எல்லாப் புத்தகத்திலும் அச்சாகும் ஆண்டுக்கு இது ஒரு முக்கிய ஆதாரம். இதையும் விட முக்கியமானது ஏழு காண்டங்களின் கதை. நாடு கடத்தப்படுவதற்கு முன்பே தாந்தே கொமேதியாவின் முதல் ஏழு காண்டங்களை எழுதிவிட்டார், அவை ஒரு பெட்டியில் கிடந்து பின்னால் கிடைத்தன என்று வாழ்க்கை வரலாற்றில் தயங்காமல் எழுதிய பொக்காச்சோ, இருபதாண்டு கழித்து அதையே சந்தேகித்தார். தாந்தேயின் சகோதரி மகன் அந்திரேயா போஜ்ஜியும் நண்பர் தீனோ பெரீனியும் தனித்தனியே அவரிடம் அதே கதையைச் சொல்லியிருந்தார்கள். பெட்டியிலிருந்து ஏட்டை எடுத்தது நான்தான் என்று இருவருமே சொன்னார்கள். யாரை நம்புவது என்று தெரியவில்லை என்கிறார் பொக்காச்சோ. பிறகு கவிதைக்குள்ளேயே போகிறார். ஆறாம் காண்டத்தில் சாக்கோ என்பவன் தாந்தேயின் கட்சி வீழப்போவதை முன்னறிவிக்கிறான். அது நடந்தது நாடு கடத்தலின்போது. நடப்பதற்கு முன்பே அதை எப்படி எழுதியிருக்க முடியும்? கதை சுவையானது என்பதற்காக அதை விட்டுவைக்காமல், சாட்சிகளின் முரணையும் நூலின் அகச்சான்றையும் சேர்த்து வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார். தான் முன்பு எழுதியதையே மறுபரிசீலனை செய்த இந்த மனிதரைக் கதாசிரியர் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது.

பெத்ரார்க்காவோடு அவருக்கு இருந்த கருத்து வேறுபாடு இந்த வாதத்தின் மையம். 1350-களின் தொடக்கத்தில் பொக்காச்சோ கொமேதியாவின் நல்ல பிரதி ஒன்றை ஏற்பாடு செய்து, படிக்கும்படி வேண்டும் ஒரு லத்தீன் செய்யுளோடு அவருக்கு அனுப்பினார். பெத்ரார்க்கா 1359-ல் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதில் தாந்தேயின் பெயரே வராது. தனக்கு அவர் மேல் பொறாமை இல்லை என்றார். இளமையில் அந்த நூலை வாங்காததற்கு, தெரியாமலே அதைப் பின்பற்றிவிடுவோமோ என்ற அச்சம் காரணம் என்றார். மதுக்கடைக்காரரும் துணி வெளுப்பவரும் தரும் புகழைக் கண்டு நான் ஏன் பொறாமைப்பட வேண்டும் என்ற தொனியும் அதில் இருந்தது. பொக்காச்சோ பெத்ரார்க்காவைக் குருவாகவே கருதினார்; மற்ற பலவற்றிலும் அவர் சொல்லுக்குப் பணிந்தார். இதில் மட்டும் பணியவில்லை. கடிதம் வந்த பிறகுதான் இரண்டாவது பிரதியையும் மூன்றாவது பிரதியையும் எழுதினார்.

மதுக்கடைக்காரர் பற்றிய ஏளனத்துக்கு ஃபுளோரன்ஸ் 1373-ல் ஒரு பதில் சொன்னது. கொமேதியாவைப் பொதுவில் படித்து விளக்க ஒருவரை நியமிக்க வேண்டும், லத்தீன் படிக்காதவர்களும் அதனால் பயன்பெற வேண்டும் என்று குடிமக்கள் நகர ஆட்சியிடம் மனுக் கொடுத்தார்கள். மன்றத்தில் வாக்கெடுத்தபோது 186 பேர் ஆதரித்தார்கள், 19 பேர் எதிர்த்தார்கள். பொக்காச்சோவுக்கு ஆண்டுக்கு நூறு ஃபுளோரின் சம்பளம். அக்டோபர் 23 அன்று, தாந்தேயின் குடும்ப வீடுகள் இருந்த அதே பகுதியில், பதியா மடத்தை ஒட்டிய சாந்தோ ஸ்தேஃபனோ தேவாலயத்தில் விரிவுரை தொடங்கியது. ஒவ்வொரு காண்டத்துக்கும் முதலில் சொற்பொருள், அடுத்து உட்பொருள். பண்டைய நூல்களை விளக்கும் முறையேதான், ஆனால் பேசியது ஊர்மொழியில். ஏறத்தாழ அறுபது விரிவுரைகள் ஆயின. ‘நரக’த்தின் பதினேழாம் காண்டத்தோடு நோய் அவரை நிறுத்தியது. 1375 டிசம்பர் 21 அன்று சொந்த ஊரான செர்த்தால்தோவில் இறந்தார். விரிவுரைக் குறிப்புகள் இருபத்துநான்கு பெரிய கட்டுகளாகவும் பதினான்கு சிறு கட்டுகளாகவும் கிடந்தன. அவை யாருக்கு என்று மாற்றாந்தாய் வழிச் சகோதரருக்கும் நூல்களுக்கு உரிமை பெற்ற துறவிக்கும் வழக்கு நடந்தது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைச் சொன்னவர் பொக்காச்சோவே. கவிதையின் மறைபொருளைப் பாமரக் கூட்டத்துக்குத் திறந்துகாட்டிவிட்டாயே என்று யாரோ கண்டித்ததற்குப் பதிலாக அவர் எழுதிய சானெட்டுகள் இருக்கின்றன. குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். வறுமையும் நண்பர்களின் வற்புறுத்தலும் தன்னை இழுத்துவிட்டன என்கிறார். உடல் வீங்கிக் கிடப்பதே கலைத்தெய்வங்கள் தந்த தண்டனை என்கிறார். அப்படியானால் தன் வாழ்நாள் முயற்சியை அவரே கைவிட்டுவிட்டாரா? அந்தக் கவிதைகள் நோய்வாய்ப்பட்ட ஒரு கிழவரின் மனத்தளர்ச்சி என்பது மறக்கக் கூடாத முதல் விஷயம். அடுத்து, அவர் வருந்துவது கேட்க வந்த கூட்டத்தைப் பற்றித்தான். நூலின் தகுதி பற்றி ஒரு சொல் வருத்தமும் இல்லை. மறைபொருள் பாமரர்க்குரியதல்ல என்று சொல்வதே அது வெர்ஜிலின் மறைபொருளுக்கு நிகரானது என்று ஏற்பதுதானே. அந்தத் தேவாலயத்தில் உட்கார்ந்து கேட்டவர்களில் ஒருவரான பென்வெனுத்தோ தா இமோலா பின்னர் பொலோஞ்ஞாவில் தானே கொமேதியாவுக்கு விரிவுரை நடத்தினார். தன் பேருரையில் பொக்காச்சோவை ஆசிரியர் என்றே மரியாதையோடு குறிப்பிட்டார். பத்தாண்டில் பீசாவில் பிரான்செஸ்கோ தா பூத்தி அதே வேலையைத் தொடங்கினார். 1899-ல் ஃபுளோரன்ஸின் ஓர்சான்மிக்கேலேயில் மீண்டும் தொடங்கிய ‘தாந்தே வாசிப்பு’ அந்த மரபின் தொடர்ச்சி. ‘தெய்விக’ என்ற அடைமொழியைப் பொக்காச்சோ தன் தாந்தே வரலாற்று நூலில் பயன்படுத்தியிருந்தார். 1555-ல் வெனிஸில் வந்த பதிப்பு அதைத் தலைப்பிலேயே ஏற்றியது, இன்றுவரை இறங்கவில்லை.

ஆனால் இந்த வாதத்தால் தீர்க்க முடியாத சிக்கல் ஒன்று அவருடைய குறிப்பேட்டிலேயே கிடக்கிறது. ஃபுளோரன்ஸ் லவுரென்சியானா நூலகத்தில் உள்ள அந்த ஏட்டில் தாந்தேயின் மூன்று லத்தீன் கடிதங்கள் இருக்கின்றன. அவமானமான நிபந்தனையோடு ஊர் திரும்ப மாட்டேன் என்று அவர் மறுத்த கடிதம் அவற்றில் ஒன்று. இந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அது நமக்கு இல்லை. அதே ஏட்டில் இலாரோ என்ற துறவியின் கடிதமும் இருக்கிறது. மாக்ரா ஆற்றின் முகத்துவாரத்து மடத்துக்கு வந்த தாந்தே, காவியத்தை முதலில் லத்தீனில் தொடங்கியதாகவும், பெரிய மனிதர்கள் அந்தக் கலைகளைக் கைவிட்டுவிட்டதைப் பார்த்து மக்கள் மொழிக்கு மாறியதாகவும் தன்னிடம் சொன்னார் என்கிறது அது. பொக்காச்சோவின் முழு வழக்குக்கும் இதைவிடப் பொருத்தமான சாட்சி கிடைக்காது. அந்தப் பொருத்தம்தான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. ஆய்வாளர் ஜுசெப்பே பில்லனோவிச் 1949-ல் அதை நம்பத்தகாத புனைவு என்று வாதிட்டார். ஜார்ஜோ பதோவான் அதை உண்மைக் கடிதம் என்று காக்க முயன்றார். பிரதியில் உள்ள பிழைகள், முன்னால் இருக்கும் ஏட்டைத் தவறாகப் படிப்பவர் செய்யும் வகைப் பிழைகள் என்பதால் பொக்காச்சோ இதைத் தானே இயற்றியிருக்க முடியாது என்போர் உண்டு. அது அவரைப் பொய்யர் என்ற பழியிலிருந்து விடுவிக்கும். கடிதம் உண்மை என்று நிறுவாது. வேறு பிரதி ஒன்று கிடைக்கும்வரை தாந்தே ஏன் இத்தாலிய மொழியில் எழுதினார் என்ற கேள்விக்கான மிகப் பழைய பதில் ஒன்றை, தாந்தேயை அளவுக்கு மீறி விரும்பிய ஒருவரின் கையிலிருந்துதான் நாம் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.